நண்பனுக்காகக் கித்தார் பிடித்த ஓவியர்

"பீட்டில்ஸ்" இசைக்குழு என்றால் நாலு பேர். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். 1968-ம் ஆண்டு ரிஷிகேசத்துக்கு வந்து ஆசிரமத்தில் தங்கியவர்களும் இவர்கள்தான். பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

ஆனால் அந்தக் குழு பெயரும் பணமும் இல்லாமல், மற்றவர்களுடைய பாட்டுகளைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த நாட்களில் அதில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் பேஸ் கித்தார் வாசித்தார்.

அவர் பாட்டுக்காரர் அல்ல. ஓவியர். கித்தார் பிடிக்கத் தெரியாமலே குழுவில் சேர்ந்தார். குழுவுக்குப் புகழ் வருவதற்கு முன்பே தானாக விலகினார். 21-வது வயதில் அயல்நாட்டில் இறந்து போனார்.

அவர் பெயர் ஸ்டூவர்ட் சட்கிளிப்.

நாலு தந்தி

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்குப் பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் முடியாது. மேடையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்வரிசையில், டிரம் அடிப்பவருக்குப் பக்கத்தில், கழுத்து நீண்ட ஒரு கித்தாருடன் ஒருவர் சத்தம் போடாமல் நிற்பார். அதுதான் பேஸ் கித்தார்.

சாதாரண கித்தாருக்கு ஆறு தந்தி. இதற்கு நாலே தந்தி. தடித்த தந்திகள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி ஒலிக்கும். பாட்டின் மெட்டு பெரும்பாலும் இதில் வராது. தாளத்தையும் மெட்டையும் சேர்த்துக் கட்டுகிற வேலை இதனுடையது. அவர் வாசிப்பதை யாரும் கவனிப்பது இல்லை. அவர் நிறுத்திவிட்டால், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ரெயில்வே காலனியில் ஒரு குழு உண்டு. வேலை முடிந்து வந்து சினிமா பாட்டு வாசிப்பவர்கள். அதில் எல்லோருக்கும் முன்னால் நின்று வாசிக்கத்தான் ஆசை. பேஸ் வாசிக்க ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில், துறைமுக நகரமான லிவர்பூலிலும் இதே கதைதான். 1956, 57-ம் ஆண்டுகளில் அங்கே தெருவுக்குத் தெரு பையன்கள் குழு அமைத்தார்கள். பேஸ் கித்தார் வாங்கக் காசு கிடையாது. தேயிலை ஏற்றி வந்த காலிப் பலகைப்பெட்டியைக் கவிழ்த்து, அதில் துடைப்பக் கம்பை நட்டு, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். கயிற்றைச் சுண்டினால் "தும், தும்" என்று சத்தம் வரும். அதுதான் பேஸ்! இந்தியாவிலும் இலங்கையிலும் நம் ஜனங்கள் பறித்த தேயிலையைச் சுமந்து போன பெட்டிகளும் அவற்றில் இருந்திருக்கும். பள்ளி மாணவனாக இருந்தபோது ஜான் லென்னன் தொடங்கிய குழுவிலும் முதலில் இந்தப் பெட்டிதான் இருந்தது.

குப்பை லாரியில் வேலை

ஸ்டூவர்ட் 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந் தேதி ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். உலகப் போரின்போது வேலை நிமித்தமாக லிவர்பூல் பக்கம் குடிபெயர்ந்தார். பிறகு கப்பலில் என்ஜினீயராகப் போய்விட்டார். வருடத்தில் பல மாதம் கடலில்தான். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு தங்கைகள்.

1956-ல் லிவர்பூல் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஒல்லியான, குள்ளமான பையன். கைச்செலவுக்காக நகரசபைக் குப்பை லாரியில் சில காலம் வேலை பார்த்தார். கல்லூரியில் அவர் தூரிகையைப் பிடித்தால் மற்ற மாணவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் அதே கல்லூரிக்கு ஜான் லென்னன் வந்தார். படிப்பில் அக்கறை இல்லாதவர். வம்புக்காரர். இருவரும் நேர் எதிர். ஆனாலும் உயிர்ச் சிநேகிதம் ஆகிவிட்டது. ஸ்டூவர்ட் ஜானுக்கு ஓவியங்களைப் பற்றிச் சொன்னார். ஜான் அவருக்கு எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி ரிக்கார்டுகளைப் போட்டுக் காட்டினார். 1960-ம் ஆண்டு தொடக்கத்தில் இருவரும் கேம்பியர் டெரஸ் என்ற தெருவில் ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

65 பவுன்

லிவர்பூலில் வாக்கர் ஓவியக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஜான் மூர்ஸ் என்ற செல்வந்தர் பெயரில் பெரிய ஓவியக் கண்காட்சி நடப்பது வழக்கம். 1959-ம் ஆண்டு நவம்பரில் நடந்த கண்காட்சியில், 19 வயது மாணவரான ஸ்டூவர்ட்டின் ஓவியமும் இடம்பெற்றது. அதை ஜான் மூர்ஸ் அவர்களே 65 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஒரு மாணவன் கையில் 65 பவுன் என்பது பெரிய தொகை.

ஜானின் குழுவில் அப்போது கித்தார் வாசிப்பவர்கள் மூன்று பேர். ஜான், பால், ஜார்ஜ். பேஸ் கிடையாது. கல்லூரி அறைத்தோழர்கள் இருவரிடம், யாரிடம் பேஸ் கித்தார் இருக்கிறதோ அவர் குழுவில் சேரலாம் என்று ஜான் சொல்லியிருந்தார். ஒருவர் மரப்பலகையை வாங்கி வந்து சொந்தமாகச் செய்யவே தொடங்கிவிட்டார். அது முடிவதற்குள் ஸ்டூவர்ட் கைக்குப் பணம் வந்துவிட்டது.

ஜானும் பாலும் ஒரு காபிக் கடையில் உட்கார வைத்து ஸ்டூவர்ட்டை வற்புறுத்தினார்கள். இந்தக் காபிக் கடையைப் பற்றி நம்மவர்கள் தெரிந்துகொள்ள ஒரு விஷயம் உண்டு. "கஸ்பா" என்ற அந்தக் கடையைத் தன் வீட்டு நிலவறையில் நடத்தியவர் மோனா பெஸ்ட் என்ற அம்மாள். டெல்லியில் பிறந்தவர். அவருடைய மகன் பீட் பெஸ்ட், 1941-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி நம் சென்னையில் பிறந்தவர்! போர் முடிந்த 1945-ல்தான் அந்தக் குடும்பம் கப்பல் ஏறி லிவர்பூல் போனது. பிற்பாடு இந்தப் பீட் பெஸ்ட்தான் குழுவில் டிரம் அடித்தார்.

ஸ்டூவர்ட் ஒப்புக்கொண்டார். ஹெஸ்ஸி என்ற இசைக்கருவிக் கடையில் ஜெர்மன் தயாரிப்பான ஹோப்னர் பேஸ் கித்தார் ஒன்றை வாங்கினார். கையிலிருந்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் அடைத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வயிறு பெருத்த பெரிய கித்தார் அது. படங்களில் பார்த்தால் கித்தார்தான் தெரிகிறது. அதற்குப் பின்னால் ஆள் ஒளிந்து நிற்பதுபோல இருக்கிறது.

வாசிக்கத் தெரியுமா?

தெரியாது. ஒன்றும் தெரியாது.

தடித்த தந்தி. புதிதாக வாசிக்கிறவன் விரல் நுனி கொப்புளித்துவிடும். தோல் காய்த்துப்போக மாதக்கணக்காகும். ஆனால் அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் ஒரு வசதி உண்டு. பல பாட்டுகளுக்கு மூன்றே மூன்று சுரக்கூட்டுகள்தான். ஒவ்வொரு கூட்டின் அடிச்சுரத்தையும் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டு போனால் பாட்டு நின்றுவிடாமல் ஓடும். ஸ்டூவர்ட் அதைத்தான் செய்தார்.

குழுவுக்குப் பெயர் வைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அமெரிக்கப் பாடகர் படி ஹாலியின் குழுவுக்குச் சில்வண்டுகள் என்று பொருள்படும் பெயர். அதைப் பார்த்து, நம் குழுவுக்கும் ஒரு பூச்சியின் பெயரை வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஸ்டூவர்ட். அதுவே எழுத்து மாறி மாறி "பீட்டில்ஸ்" ஆயிற்று.

1960 மே மாதத்தில் ஸ்காட்லாந்தில் ஜானி ஜென்டில் என்ற பாடகருக்குப் பின்னணி வாசிக்கச் சில நாள் சுற்றுப்பயணம் போனார்கள். மேடைக்காகப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஸ்டூவர்ட் சங்கீதக்காரர் பெயரைத் தேடவில்லை. நிக்கோலா டி ஸ்டால் என்ற ஓவியரின் பெயரை எடுத்துக்கொண்டார். கையில் கித்தார் இருந்தாலும் மனம் எங்கே இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சினிமா திரைக்குப் பின்னால்

அந்த வருடம் ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக்கு அழைப்பு வந்தது. புரூனோ கோஷ்மீடர் என்பவரின் இரவு விடுதியில் வாசிக்க வேண்டும். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 30 மார்க். இங்கிலாந்துக் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை பவுன். பீட் பெஸ்ட் டிரம்முக்குச் சேர்ந்தார். ஸ்டூவர்ட்டுக்கு அப்போது கல்லூரியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் இருந்தது. படித்து முடித்தால் நிலையான உத்தியோகம். அதைத் தள்ளி வைத்துவிட்டு வேனில் ஏறினார்.

ஆகஸ்டு 17-ந் தேதி போய்ச் சேர்ந்தார்கள். தங்குவதற்குக் கொடுத்த இடத்தைப் பார்த்ததும் திகைத்துவிட்டார்கள். "பாம்பி" என்ற பழைய சினிமா கொட்டகை. திரைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைகள்தான் படுக்கை. ஜன்னல் கிடையாது. பக்கத்திலேயே கழிப்பறை. முகம் கழுவுவதும் ஷவரம் செய்வதும் அங்கே வருகிற தண்ணீரில்தான். அதிகாலையில் வந்து படுத்தால், பகல் காட்சியின் வசனச் சத்தத்தில் விழிப்பு வரும்.

பம்பாயிலும் பெங்களூரிலும் முதல் வேலைக்கு வந்து, எட்டடி அறையில் ஆறு பேராகப் படுத்து எழுந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலை நேரம் இரவு 8 மணி முதல் 2 மணி வரை. நடுவில் அரை அரை மணி ஓய்வு. சனி, ஞாயிறு கூடுதல். குடிக்க வந்த கப்பல்காரர்கள் முன்னால் கத்திப் பாட வேண்டும். சொந்தப் பாட்டு எதுவும் கிடையாது. எல்லாம் அமெரிக்க ரிக்கார்டுகளில் கேட்டவை. தெரிந்த பாட்டு தீர்ந்துபோனால் ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுப்பார்கள். இப்படி நூறு நாளுக்கு மேல், இரவு தவறாமல் வாசித்தால் யாருக்குத்தான் கை பழகாது? "பீட்டில்ஸ்" குழு தொழில் கற்றுக்கொண்டது இந்த விடுதிகளில்தான்.

ஸ்டூவர்ட் நன்றாக வாசித்தாரா என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. அவருக்கு வாசிக்கவே தெரியாது, வெட்கத்தால் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மறுபக்கம், அதே ஹாம்பர்க்கில் இன்னொரு லிவர்பூல் குழுவின் தலைவரான ஹோவி கேசி சில காலம் ஸ்டூவர்ட்டைத் தன்னோடு வாசிக்க வைத்துக்கொண்டார். வேலைக்கு உதவாத ஆள் என்று அவர் சொல்லவில்லை. பீட் பெஸ்டும் அவருக்குப் பரிந்துதான் பேசியிருக்கிறார். வித்வான் அல்ல, ஆனால் பாரத்தைச் சுமந்தார் என்பது என் அபிப்பிராயம். எல்விஸின் மெதுவான காதல் பாட்டு ஒன்றை அவர் பாடுவதுண்டு. அதற்குக் கைதட்டலும் கிடைத்தது.

பாலுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு பாட்டும் சுத்தமாக வர வேண்டும் என்று நினைப்பவர் அவர். ஜானின் நெருங்கிய நண்பன் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் இடம்பிடித்திருப்பது அவருக்கு உறுத்தியது. பொறாமையும் கலந்திருந்தது என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்டிரிட்

அக்டோபர் மாதம் ஒரு நாள், கிளவுஸ் பூர்மன் என்ற ஜெர்மன் ஓவியர், தன் சிநேகிதியோடு சண்டை போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போனார். விடுதியிலிருந்து வந்த பாட்டைக் கேட்டு உள்ளே நுழைந்தார். பிறகு அந்தச் சிநேகிதியையும் அழைத்து வந்தார். அவர்தான் ஆஸ்டிரிட் கிர்ச்ஹெர். புகைப்படக் கலைஞர். வயது 22.

குழுவினரை ஆஸ்டிரிட் ஒரு பொருட்காட்சித் திடலில் நிற்க வைத்து எடுத்த படங்கள் இன்றும் உலகமெங்கும் அச்சாகின்றன. படம் எடுத்தவருக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் காதல் உண்டாயிற்று. இவருக்கு ஜெர்மன் வராது. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. துபாஷி வேலை பார்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கிளவுஸ்! அவருடைய பெருந்தன்மையை என்னவென்று சொல்வது. மூவரும் கடைசி வரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

நவம்பரில் ஸ்டூவர்ட்டும் ஆஸ்டிரிட்டும் மோதிரம் மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள். ஸ்டூவர்ட்டின் தலைமுடியை நெற்றியில் விழும்படி ஆஸ்டிரிட் வெட்டிவிட்டார். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவர்களில் மூன்று பேர் அப்படியே வெட்டிக்கொண்டார்கள். உலகம் முழுவதும் பையன்கள் "பீட்டில்ஸ் கிராப்" வைத்துக்கொண்டதற்கு ஆரம்பம் இதுதான்.

இதற்குள் முதலாளியோடு தகராறு வந்துவிட்டது. இன்னொரு விடுதிக்குப் போகப் பார்க்கிறார்கள் என்று கோஷ்மீடருக்குக் கோபம். ஜார்ஜுக்கு 18 வயது ஆகவில்லை என்பது போலீசுக்குத் தெரிந்து, நவம்பர் 21-ந் தேதி அவர் நாடு கடத்தப்பட்டார். இருட்டறையில் எதையோ கொளுத்தினார்கள் என்று பாலும் பீட்டும் காவலில் வைக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஜான் டிசம்பரில் தனியாக ஊர் திரும்பினார். ஸ்டூவர்ட் மட்டும் ஆஸ்டிரிட்டின் தாயார் வீட்டில் தங்கிவிட்டார்.

கித்தாரைக் கொடுத்தார்

1961 தொடக்கத்தில் ஸ்டூவர்ட் லிவர்பூல் வந்து சில வாரங்கள் குழுவோடு வாசித்தார். அந்தச் சமயம் ஒரு நடன மண்டபத்தில் நடந்த அடிதடியில் அவருக்குத் தலையில் அடிபட்டது. ஆசிரியர் பயிற்சிக்கு மறுபடி மனுப் போட்டார். கல்லூரி இடம் இல்லை என்றுவிட்டது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை மீண்டும் ஹாம்பர்க். இந்தத் தடவை "டாப் டென்" என்ற விடுதி. ஒரு நாள் மேடையிலேயே ஆஸ்டிரிட்டைப் பற்றி பால் ஏதோ சொல்லப்போக, ஸ்டூவர்ட் கித்தாரைக் கீழே போட்டுவிட்டு அவர் மீது பாய்ந்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கைகலப்பு!

அதற்காக அவர் விலகினார் என்று சொல்ல முடியாது. ஒன்றரை வருடமாக அவர் தூரிகையைச் சரியாகத் தொடவில்லை. ஹாம்பர்க் ஓவியக் கல்லூரியில் அப்போது எடுவர்டோ பாவலோசி என்ற பெரிய சிற்பி பாடம் நடத்தினார். அவரும் எடின்பரோக்காரர்தான். அவரிடம் மாணவராகச் சேர ஸ்டூவர்ட்டுக்கு உதவிச் சம்பளத்தோடு இடம் கிடைத்தது.

குழுவை விட்டார். யாரும் அவரை வெளியேற்றவில்லை. புதுக் கித்தார் வாங்கும் வரை வைத்துக்கொள்ளும்படி தன் பேஸ் கித்தாரைப் பாலிடமே கொடுத்தார். அடித்துக்கொண்ட அதே பாலிடம்! ஒரே ஒரு நிபந்தனை: தந்திகளை மாற்றிக் கட்டக்கூடாது. பால் இடதுகைக்காரர். ஆகவே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கொஞ்ச நாளில் ஹாம்பர்க் கடையில் வயலின் வடிவத்தில் ஒரு பேஸ் கித்தார் வாங்கிக்கொண்டார். பால் கையில் இன்றைக்கு உலகமே பார்க்கும் அந்த வடிவம் அப்படி வந்ததுதான்.

கோடி கோடியாகச் சம்பாதிக்க இருந்த குழுவை விட்டுவிட்டாரே, அதிர்ஷ்டம் கெட்டவர் என்று ஸ்டூவர்ட்டைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. அதிர்ஷ்டம் கெட்டவர் என்றால் பீட் பெஸ்டைச் சொல்லலாம். முதல் ரிக்கார்டு வெளிவர இரண்டு மாதம்கூட இல்லாத சமயத்தில், 1962 ஆகஸ்டில் அவரை நீக்கிவிட்டு ரிங்கோவைச் சேர்த்தார்கள். ஸ்டூவர்ட் நண்பனுக்காக ஒரு வேலையைச் செய்தார். பிறகு தன் வேலைக்குத் திரும்பினார்.

ஏப்ரல் 10

ஆஸ்டிரிட் வீட்டு மாடி அறையில் இரவும் பகலும் வரைந்தார். உருவம் எதுவும் தெரியாத, வண்ணம் தடிமனாக அப்பிய ஓவியங்கள். தன்னுடைய மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர் என்று பாவலோசி அவரைப் பற்றி எழுதி வைத்தார்.

கூடவே தலைவலி. சாதாரண தலைவலி அல்ல. வெளிச்சத்தைப் பார்த்தாலே கண் கூசும், துடிதுடிப்பார். 1962 பிப்ரவரியில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தார். டாக்டர்கள் பரிசோதித்தார்கள். என்ன வியாதி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 10-ந் தேதி வீட்டில் மறுபடி நினைவிழந்தார். ஆஸ்டிரிட் ஆம்புலன்சில் கூடவே போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே உயிர் பிரிந்துவிட்டது. மூளையில் இரத்தக்கசிவு. 22 வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. நடன மண்டபத்தில் பட்ட அடிதான் காரணம் என்று சிலர் எழுதினார்கள். அது ஊகம். உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை.

மறுநாள், புதிதாகத் திறக்க இருந்த "ஸ்டார் கிளப்" விடுதியில் வாசிப்பதற்காக ஜானும் பாலும் பீட்டும் ஹாம்பர்க் விமான நிலையத்தில் இறங்கினார்கள். வரவேற்க ஆஸ்டிரிட் மட்டும் நின்றார். ஸ்டூவர்ட் எங்கே என்று கேட்டவர்களுக்கு அவர் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த நாள் ஜார்ஜ் வந்த விமானத்தில் தாயார் வந்தார், மகன் உடலை வாங்கிப் போக. 13-ந் தேதி குழு மேடை ஏறியது. ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, வாசித்துத்தான் ஆக வேண்டும்.

தந்தைக்குத் தெரியவே தெரியாது. அவர் தென் அமெரிக்கா போகும் கப்பலில் இருந்தார். கப்பல் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தைத் தொட்ட பிறகு, ஒரு பாதிரியார் மூலமாகத்தான் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் மூன்று வாரம் ஆகிவிட்டது. லிவர்பூலுக்கு அருகே ஹைட்டன் மாதா கோவில் கல்லறையில் அடக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. உடல்நிலை மோசமாக இருந்ததால் ஆஸ்டிரிட்டாலும் அதற்குப் போக முடியவில்லை.

அதே வருடம் அக்டோபர் 5-ந் தேதி "பீட்டில்ஸ்" குழுவின் முதல் ரிக்கார்டு வெளிவந்தது.

பிறகு

1964-ல் வாக்கர் ஓவியக்கூடத்தில் ஸ்டூவர்ட்டின் ஓவியங்களுக்கு என்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள். அவர் ஹாம்பர்க்கில் வரைந்த ஓவியம் ஒன்று அந்தக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1967-ல் குழு வெளியிட்ட புகழ்பெற்ற "சார்ஜண்ட் பெப்பர்" இசைத்தட்டின் உறையில் பெரிய மனிதர்கள் கூட்டமாக நிற்பார்கள்; இடது ஓரத்தில் ஸ்டூவர்ட் முகமும் உண்டு. 1994-ல் அவர் கதை சினிமாவாக வந்தது.

அடுத்த ஆண்டு, 1960-ல் பால் வீட்டில் ஆசைக்குப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாவிலிருந்து மூன்று பாட்டுகளை எடுத்து வெளியிட்டார்கள். அவற்றில் பேஸ் வாசிப்பவர் ஸ்டூவர்ட். தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறார். கேட்டால் தெரிகிறது.

அந்த ஹோப்னர் கித்தார் என்ன ஆயிற்று? அதை ஸ்டூவர்ட் 200 மார்க்குக்குக் கிளவுஸ் பூர்மனிடம் விற்றுவிட்டார். கிளவுஸ் அதுவரை பேஸ் வாசித்தவர் அல்ல. அதில் பழகி, பின்பு இங்கிலாந்து போய்த் தொழில்முறை பேஸ் கித்தார்காரராகவே ஆகிவிட்டார். 1971-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, வங்காளதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரியில், ஜார்ஜுக்கும் ரிங்கோவுக்கும் பின்னால் நின்று பேஸ் வாசித்தவர் அவர்தான்.